கண்ணீருக்கு ஒரு புதுவழி

அழும்போது கண்ணீர் கன்னத்தில் வழிகின்றது. அழாதபோது அஃது எங்கே போகின்றது? இவ்வினாவை எழுப்புவோர் சிலரே. அழாதபோது கண்ணீரே இல்லை என்று பலர் எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் பொருந்தாது. மனிதன் விழித்திருக்கும் பொழுதெல்லாம் கண்ணில் நீர் ஊறிக்கொண்டே இருக்கின்றது. படிக்கும்போதும் ஊறுகின்றது, சிரிக்கும்போதும் ஊறுகின்றது. இடையறாது ஊறும் அந்நீர் கன்னத்தில் வழியாதிருப்பதற்குக் காரணம், அது செல்வதற்கென்றே முகத்துக்குள் ஒரு வழி அமைந்திருப்பதாகும். கண்ணீரைப் பாடிய புலவர் பலர்; அது செல்லும் வழியை நினைத்தவர் அரியர். அவ்வழி அடைபட்டால் வரும் கேடு யாது, அவ்வடைப்பைத் திறக்க மருத்துவர் எத்தனை நூற்றாண்டுகள் பாடுபட்டனர், முடிவில் அதனைத் திறவாமலே அவர்கள் வெற்றி கண்டது எங்ஙனம் என்பவை அறியத்தக்க செய்திகள்.

புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே, எலும்பின் மறைவில், வாதுமைப் பருப்பின் வடிவுடைய சுரப்பி ஒன்று ஒவ்வொரு கண்ணுக்கும் உண்டு. இமைகளின் உட்புறத்தும் நுண்ணிய சுரப்பிகள் பல உள. இவை யாவும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர் நீரையே சுரக்கின்றன. அளவு சிறிது, பணியோ பெரிது. இமை மூடித் திறக்குந்தோறும் இந்நீர் விழியின்மேல் மெல்லிய பூச்சாகப் பரவித் தூசியைக் கழுவுகின்றது. விழியின் முன்புறத்துள்ள பளிங்கு போன்ற படலத்தை உலராமல் காக்கின்றது. அப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் அதற்கு வேண்டும் உயிர்வளியையும் பெரும்பாலும் இந்நீரே காற்றிலிருந்து வாங்கித் தருகின்றது.

நுண்கிருமிகளை அழிக்கும் பொருளும் கண்ணீரில் உண்டு. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1922ஆம் ஆண்டில், இப்பொருளைப் பற்றி எழுதி வெளியிட்டார். லைசோசைம் என்பது அதன் பெயர். அவ்வாராய்ச்சிக்குக் கண்ணீர் மிகுதியும் வேண்டியிருந்தது. நினைத்தவுடன் அழுவது எல்லார்க்கும் இயலுவதன்று. ஆகவே, எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் விட்டு நீரை வரவழைத்துச் சேர்த்தனர். அறிவு வளர்ச்சிக்கென அழுதவர் வரிசையில் அவர்களுக்கு முதலிடம் தரலாம்.

இனி, அந்நீர் செல்லும் வழியைக் காண்போம். ஏரிக்குத் தூம்பும் வாய்க்காலும் அமைத்துப் பழகிய நாட்டினர்க்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. கையைத் தூய்மையாகக் கழுவிக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்று, கீழிமையின் மூக்கோர முனையைச் சிறிதே வெளிப்புறமாக மடக்கிப் பார்த்தால், ஊசிமுனையால் குத்தியது போன்ற புள்ளி ஒன்று தெரியும். மேலிமையிலும் அத்தகைய புள்ளி உண்டு. இவையே கண்ணீர் இறங்கும் தூம்பு வாய்கள். ஒவ்வொன்றின் அகலமும் மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அவ்வாய்களிலிருந்து மயிரிழை போன்ற இரு கால்கள் புறப்பட்டு, ஏறக்குறைய 10 மில்லி மீட்டர் ஓடி, ஒரு சிறு பையில் சேர்கின்றன. அதற்குக் கண்ணீர்ப்பை என்று பெயர். பையின் அடியிலிருந்து ஒரு குழாய் எலும்பினூடே கீழிறங்கி மூக்கின் உட்புறத்தில் சென்று திறக்கின்றது.

இவ்வமைப்பில் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்ணீர்ப்பை தங்கியிருக்கும் இடம் மூக்கின் பக்கச் சுவரிலுள்ள ஒரு சிறு பள்ளம். அப்பள்ளத்தின் பின்பாதி கண்ணீர் எலும்பு என்னும் சிற்றெலும்பால் ஆயது. முகத்து எலும்புகள் எல்லாவற்றினும் மெலிந்தது அது. காகிதம் போன்றது என்றே உடற்கூற்று நூலார் கூறுவர். அந்த எலும்புக்கு இப்பால் கண்ணீர்ப்பை; அப்பால் மூக்கின் உள்ளிடம். இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய சுவர் ஒன்றே.

கண்ணீர் தானாக வடிந்து இறங்கிவிடுவதும் இல்லை. இமை மூடும்போது அதன் தசைகள் சிறு கால்களையும் பையையும் அமுக்குகின்றன. திறக்கும்போது அவை விரிந்து நீரை உறிஞ்சுகின்றன. ஏற்றம் இறைப்பது போன்ற இவ்வேலை நாள்தோறும் பல்லாயிரம் முறை நடைபெறுகின்றது. தேம்பி அழுபவர் மூக்கைச் சிந்துவதற்குக் காரணம் இதுவே. கண்ணில் இட்ட கலிக்கத்தின் கசப்பு சிறிது நேரத்தில் தொண்டையில் தெரிவதும் இவ்வழி உண்டென்பதற்குச் சான்றாகும்.

இவ்வழி பிறக்கும்போதே மூடியிருப்பதும் உண்டு. குழாயின் கீழ்முனையில் உள்ள மெல்லிய சவ்வு, குழந்தை பிறக்கும் காலத்தில் திறந்துவிட வேண்டும். அது திறவாத குழந்தைகளுக்குக் கண் ஓயாது கசியும்; காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் அஞ்சுவர். அத்தகைய குழந்தைகள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஓர் ஆண்டு நிறைவதற்குள் சவ்வு தானே திறந்துகொள்கின்றது. நகம் களைந்த விரலைக் கண்ணின் மூக்கோர முனையில் வைத்து, பையை அழுத்திக் கீழ்நோக்கி நீவிவிட்டால் அது விரைவில் திறக்கும். இம்முறையை லூயிஸ் கிரிக்லர் என்னும் மருத்துவர் 1923ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். சிற்றூர்களில் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் விடும் வழக்கம் உண்டு. சில திங்களில் கண் சரியானதும் அப்பெருமை பாலுக்குப் போய்ச் சேர்கின்றது. சவ்வைத் திறந்தது பால் அன்று, குழந்தையின் வளர்ச்சியே. ஓராண்டு கடந்தும் திறவாவிடில், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி அச்சவ்வைத் துளைத்துவிடுவர். சில நிமிடங்களில் முடியும் செயல் அது.

வளர்ந்தவர்க்கு வரும் அடைப்பு இத்துணை எளியதன்று. நடுவயது கடந்தோரிடம், ஆடவரினும் பெண்டிரிடம், இது மிகுதியாகக் காணப்படுகின்றது. பெண்டிர்க்கு அவ்வெலும்புக் குழாய் இயல்பாகவே ஒடுங்கியிருப்பது ஒரு காரணம் என்பர். குழாயின் உட்சவ்வு அழற்சியால் தடித்து, தழும்பேறி, மெல்ல மெல்ல மூடிக்கொள்கின்றது. முதலில் கண் கலங்குகின்றது. பின்பு கண்ணீர் வழிகின்றது. முந்தானையாலோ துண்டாலோ ஓயாது துடைத்துத் துடைத்து இமையோரத் தோல் புண்ணாகின்றது. "ஏன் அழுகிறாய்?" என்று காண்போர் எல்லாரும் கேட்கின்றனர். அழாமலே அழுபவராகக் காட்சி தருவது சிறு துன்பமன்று.

எனினும், வழியும் நீரினும் கொடியது தேங்கும் நீர். ஓடாத நீர் பாசி பிடிக்கும் என்பது குளங்கண்டார் அறிந்ததே. அடைபட்ட கண்ணீர்ப்பையிலும் அதுவே நிகழ்கின்றது. நுண்கிருமிகள் அங்கே குடிபுகுந்து பெருகுகின்றன. கண்முனையை விரலால் அழுத்தினால், நீர் இறங்கிய அதே தூம்பு வாய் வழியாகச் சீழ் மேலே வருகின்றது. சில வேளைகளில் அவ்விடம் சிவந்து வீங்கி, பெருவலி கொடுத்து, தோலைப் பிளந்துகொண்டு உடைகின்றது. சிலர்க்கு வலியே இராது. ஆண்டுக்கணக்கில் சீழ்ப்பை ஒன்றைக் கண்ணின் அருகிலேயே வைத்துக்கொண்டு வாழ்வர். இப்பிரிவினரின் நிலையே மிகவும் அஞ்சத்தக்கது.

அஃது ஏன் என்பதற்குச் சான்று வயலிலேயே கிடைக்கும். கதிரடிக்கும் களத்தில் நெல்லின் சுணையோ வைக்கோல் துரும்போ கண்ணில் பட்டு விழியின் படலத்தைக் கீறிவிடுகின்றது. நல்ல கண்ணாயின் அக்கீறல் ஓரிரு நாளில் ஆறக்கூடும். பக்கத்தில் சீழ்ப்பை இருக்கும் கண்ணிலோ, இமைக்குந்தோறும் கிருமிகள் அப்புண்ணில் வந்து படிகின்றன. புண் குழியாகின்றது, படலம் வெளுத்து மறைக்கின்றது, பார்வை போய்விடுகின்றது. கண்புரை அறுவையிலும் இதே இடர் உண்டு. விழியைத் திறந்து புரையை நீக்கும்போது பையிலுள்ள சீழ் உள்ளே புகுமாயின், பார்வை பெற வந்தவர் கண்ணையே இழக்க நேரிடும். ஆதலின், கண்புரைக்கென வரும் முதியோர்க்கு முதலில் கண்ணீர் வழி திறந்திருக்கின்றதா என்று பார்த்த பின்னரே அறுவை செய்வது இந்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் நெடுங்கால வழக்கமாக உள்ளது.

அச்சோதனை மிக எளிது. கூர் மழுங்கிய நுண்ணிய ஊசியைத் தூம்பு வாயில் வைத்து, பீச்சுகுழலால் உப்பு நீரை மெல்லச் செலுத்துவர். வழி திறந்திருந்தால் நோயாளி தொண்டையில் உப்புச் சுவையை உணர்வார். அடைபட்டிருந்தால் செலுத்திய நீர், எதிர்க்கரை மோதிய வெள்ளம் போல, மற்றோர் இமையின் வாய் வழியாக மீண்டு வரும். உடன் சீழும் வருமாயின் ஐயத்துக்கே இடமில்லை.

இந்நோய் பழைமையானது. பாபிலோனியாவை ஆண்ட ஹம்முராபி மன்னன் கி.மு. 18ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறித்து வைத்த சட்டங்களுள் கண் மருத்துவரைப் பற்றியனவும் உள. கண்ணருகே தோன்றும் ஒன்றை வெண்கலக் கத்தியால் திறந்து, உயர்குடியினன் ஒருவனது கண்ணைக் காத்த மருத்துவர்க்குப் பத்து ஷேக்கல் வெள்ளி கூலி. கண் கெட்டுவிட்டால் மருத்துவரின் கைகள் வெட்டப்படும். திறக்கப்பட்டது கண்ணீர்ப்பைக் கட்டியே என்று ஆராய்ச்சியாளருள் ஒருசாரார் கருதுவர். அக்கருத்து மெய்யாயின், இந்த அறுவையைப் போல் அறுத்தவரையே அச்சுறுத்திய அறுவை வேறொன்று இராது. இந்திய மருத்துவ முதல்வருள் ஒருவராகிய சுசுருதரும் கண்ணின் சந்திகளில் தோன்றும் நோய்கள் ஒன்பது என வகுத்து, அவற்றுள் சீழ் கொள்ளும் வீக்கத்தையும் நீர் வடிதலையும் சேர்த்துள்ளார். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த செல்சசு, புண்ணை எலும்பு வரையில் அறுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எலும்பைச் சுடும்படி எழுதிவைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. சுடப்பட்டவர் பட்ட பாட்டை எழுதிவைத்தவர் ஒருவரும் இலர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மருத்துவரின் மனப்போக்கு மாறியது. சுடுவதினும், அடைபட்ட வழியைத் தூர் வாருவது மேல் என்று எண்ணத் தொடங்கினர். பிரெஞ்சு அறுவை மருத்துவராகிய தொமினீக் அனேல் என்பார் 1713ஆம் ஆண்டில், மிக நுண்ணிய முனையுடைய பீச்சுகுழல் ஒன்றையும் மெல்லிய கம்பிகளையும் கொண்டு, தூம்பு வாய் வழியாகவே மருந்து நீரைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். முகத்தை வெட்டாமல் உள்வழியே சென்று பார்க்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவரே. மேலே சொன்ன உப்பு நீர்ச் சோதனை அவர் காட்டிய நெறியில் வந்ததேயாகும்.

அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1857ஆம் ஆண்டில், இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பௌமன், தூம்பு வாயைச் சிறிது கீறி அகலமாக்கி, சிறியதும் பெரியதுமாக வரிசைப்படுத்திய கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையைக் கூறினார். சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்கும் மாணவர் பௌமன் கிண்ணம் என்னும் பெயரை அறிவர். அந்தப் பௌமனே இவர். அவர் பெயரால் வழங்கும் கம்பிகள் இன்றும் கண் மருத்துவரின் கருவிப் பெட்டியில் உள.

ஆனால், தூர் வாரும் முறை வளர்ந்தவர்க்கு நிலைத்த பயன் தரவில்லை. வாய்க்காலை அடைப்பது மண். வாரிக் கரையில் கொட்டிவிட்டால் போய்விடும். கண்ணீர்க் குழாயை அடைத்திருப்பதோ உயிருள்ள சதையின் தழும்பு. கம்பி அதனைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது வழி பிறந்தது போலத் தோன்றும். கிழிந்த இடம் ஆறும்போது மீண்டும் தழும்பேறும், முன்னினும் இறுகும். வாரந்தோறும் கம்பி செலுத்திக்கொண்ட நோயாளிகள் வலியைப் பெற்றனரேயன்றி நலத்தைப் பெறவில்லை.

ஆகவே, மருத்துவர் பலர் வேறொரு முடிவுக்கு வந்தனர். கண்ணீர்ப்பையையே அறுத்து எடுத்துவிடுவது என்பதே அம்முடிவு. பை போனால் சீழ் தங்க இடமில்லை. கண்ணுக்கு வரும் இடர் நீங்கும். அறுவையும் விரைவில் முடியும். இதனை அறிவற்ற செயல் என்று இகழ்தல் முறையன்று. கிருமிகளை வெல்லும் மருந்துகள் தோன்றாத காலத்தில் எண்ணற்ற கண்களைக் காத்தது இம்முறையே. உடல் மெலிந்து, நெடிய அறுவையைத் தாங்க இயலாத முதியோர்க்கு இன்றும் இதனைச் செய்வதுண்டு. ஆயினும், இதில் ஒரு குறை உண்டு. பையோடு வழியும் போயிற்று. கண் பிழைத்தது; கண்ணீர் நிற்கவில்லை. நோய் நீங்கிய பின்னரும் அம்மனிதர் தம் வாழ்நாள் முடியக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

பார்வையைக் காக்க வேண்டும். கண்ணீர் செல்லும் வழியும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தர வல்லது யாது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரத்து மருத்துவராகிய அத்தேயோ தோத்தி என்பவர். ஆண்டு 1904. அவர் மூக்கு, தொண்டை நோய்களில் பயின்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. கண் மருத்துவர் கண்ணீர்ப்பையைக் கண்ணின் பக்கத்திலிருந்தே பார்த்தனர்; கீழேயுள்ள குழாயே அவர்களுக்கு வழியாகத் தோன்றியது. மூக்கின் உட்புறத்தை நாள்தோறும் நோக்கியவர்க்கோ, பைக்கும் மூக்குக்கும் இடையே மெல்லிய எலும்புச் சுவர் ஒன்றே நிற்பது நன்கு விளங்கியது. அடைபட்ட பழைய குழாயைத் தொடவே வேண்டாம், அதனைக் கைவிட்டுவிடலாம், சுவரில் ஒரு சாளரம் திறந்து பையை நேரே மூக்கினுள் வடியச் செய்யலாம் என்று அவர் துணிந்தார். மதகு தூர்ந்துபோன ஏரியில், கரையின் வேறோரிடத்தில் புது மதகு வைப்பது போன்றது அது.

எலும்பைத் துளைப்பது அதற்கு முன்னும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் உல்ஹவுசு என்னும் ஆங்கிலேயர் எலும்பைத் துளைத்துப் பொன், வெள்ளி, ஈயம் ஆகியவற்றால் ஆன குழலை அதில் வைத்ததுண்டு. தோத்தியின் புதுமை, துளையிட்டதில் இல்லை. பையின் உட்சவ்வையும் மூக்கின் உட்சவ்வையும் ஒன்றையொன்று நோக்கும்படி திறந்து, இரண்டையும் ஒரே அறையாக்க முயன்றதில் இருக்கின்றது.

அவர் முயற்சியும் முழு வெற்றி பெற்றுவிடவில்லை. சிலர்க்குச் சாளரம் நிலைத்தது. சிலர்க்குச் சில திங்களில் மூடிக்கொண்டது. இதன் காரணம் காது குத்திக்கொண்டவர்க்கு எளிதில் விளங்கும். காதில் புதிதாகக் குத்திய துளையை வறிதே விட்டுவிட்டால் அது தூர்ந்துபோகும். வேப்பங்குச்சியோ கம்பியோ இட்டுவைத்தால், நாளடைவில் துளையின் உட்புறத்தைத் தோல் வளர்ந்து போர்த்துக்கொள்ளும். தோல் போர்த்த துளை எளிதில் தூராது. பச்சைப் புண்ணின் இரு கரைகளும் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்வது உடம்பின் இயல்பு. போர்வை பெற்ற கரைகள் அங்ஙனம் ஒட்டுவதில்லை. தோத்தியின் சாளரத்தின் விளிம்பு பச்சைப் புண்ணாகவே இருந்தது.

இக்குறையைத் தீர்த்தவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் இருவர். துப்புயி துதாம், பூர்கே என்பவர். 1921ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முறையில், கண்ணீர்ப்பையின் சுவரைக் கதவு போல இரண்டாகப் பிளந்து திறந்தனர். மூக்கின் உட்சவ்வையும் அங்ஙனமே திறந்தனர். பின்கதவைப் பின்கதவோடும் முன்கதவை முன்கதவோடும் மெல்லிய நூலால் தைத்தனர். புது வழியின் உட்புறம் தொடக்கத்திலேயே சவ்வால் போர்க்கப்பட்டுவிட்டது. தையல்காரர் சட்டையின் கைக்கு உட்துணி வைத்துத் தைப்பது போன்ற இச்சிறு வேலையே, ஐயத்துக்கிடமான ஓர் அறுவையை நம்பத்தக்க அறுவையாக்கியது.

இன்றும் வெளிவழியாகச் செய்யும் அறுவை பெரும்பாலும் இதுவே. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ, முழு மயக்கம் கொடுத்தோ தொடங்குவர். மூக்கின் உட்புறம் இரத்தக் குழாய்கள் நெருங்கியது. சிறு காயத்துக்கும் குருதி பெருகி அறுவையாளரின் பார்வையை மறைக்கும். ஆகவே, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தில் நனைத்த துணித்திரியை முன்னதாகவே மூக்கினுள் வைப்பர். பின்னர்க் கண்முனைக்கும் மூக்குத் தண்டுக்கும் இடையே சிறு கீறல் ஒன்று இட்டு, தசையை விலக்கி, எலும்பை அடைந்து, கண்ணீர்ப்பையை அதன் பள்ளத்திலிருந்து மெல்ல ஒதுக்குவர். தொடக்க காலத்தில் எலும்பைச் செதுக்க உளியும் சிறு சுத்தியும் பயன்பட்டன. இக்காலத்தில் எலும்பைச் சிறிது சிறிதாகக் கடித்து எடுக்கும் இடுக்கி போன்ற கருவி உண்டு. விரல்நுனி அளவுக்கு வாயில் அமைந்ததும் சவ்வுகளைத் தைத்து, தோலையும் தைத்து முடிப்பர். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை இது. வழி குறுகிவிடும் என்ற ஐயம் இருந்தால், சிலிக்கோன் என்னும் மென்பொருளால் ஆன நுண்குழலை இரு தூம்பு வாய்களின் வழியாகவும் செலுத்திச் சில வாரங்களோ திங்கள்களோ விட்டுவைப்பர். காதுத் துளையில் வேப்பங்குச்சி செய்யும் வேலையை அக்குழல் செய்கின்றது. தேர்ந்த கைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலாக நலம் பெறுகின்றனர்.

முகத்தில் கீறாமல் மூக்கின் வழியே சென்று அதே சாளரத்தைத் திறக்க இயலாதா? இயலும் என்று தோத்திக்கு முன்னரே, 1893ஆம் ஆண்டில், கால்டுவெல் என்னும் அமெரிக்க மருத்துவர் முயன்று காட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு. அவர் 1891ஆம் ஆண்டிலேயே மறைந்தார். மருத்துவர் கால்டுவெல்லின் முறை பரவாமைக்குக் காரணம் இருளே. மூக்கின் உட்புறம் குறுகலானது. அங்கே ஒளி செல்லாது. குருதி பெருகினால் ஒன்றும் தெரியாது. ஆங்கில இயற்பியலறிஞர் ஹெரால்டு ஹாப்கின்சு, கண்ணாடிக் கோல்களை வரிசையாக வைத்து அமைத்த உள்நோக்கிக் கருவி 1960ஆம் ஆண்டை ஒட்டி உருவாகிய பின் அவ்விருள் நீங்கிற்று. 1989ஆம் ஆண்டில் மெக்டொனோ, மெய்ரிங் என்னும் இருவர் அக்கருவியின் துணையால் மூக்கின் வழியே இவ்வறுவையைச் செய்து, அதன் பயனை வெளியிட்டனர். இம்முறையில் முகத்தில் தழும்பு இல்லை. நலம் பெறும் அளவும் வெளிவழி அறுவைக்கு ஏறக்குறைய நிகராக உள்ளது. லேசர் ஒளியால் எலும்பைத் துளைக்கும் முறையும் அக்காலத்திலேயே வந்தது. அதற்குக் கிடைத்த புகழுக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை. லேசர் இடும் துளை சிறிது. சிறிய துளை விரைவில் தூர்ந்துபோகும். புதிய கருவி ஒன்று வந்துவிட்ட அளவில் பழைய கத்தியை வீசிவிடலாகாது என்பதை மருத்துவர் இதனால் உணர்ந்தனர்.

சிலர்க்குப் பைக்கு மேலேயுள்ள சிறு கால்களே அழிந்துபோயிருக்கும். காயத்தாலோ நோயாலோ அவை மூடிவிட்டால், பைக்கும் மூக்குக்கும் இடையே சாளரம் வைத்துப் பயனில்லை. நீர் பைக்கே வந்து சேராது. அத்தகையோர்க்கு அமெரிக்கராகிய லெஸ்டர் ஜோன்சு 1960ஆம் ஆண்டுகளில் ஒரு வழி கண்டார். சூட்டைத் தாங்கும் கண்ணாடியால் ஆன சிறு குழாயைக் கண்ணின் மூக்கோர முனையிலிருந்து நேரே மூக்கினுள் பொருத்துவது அவர் முறை. அக்குழாய் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்க வேண்டும். தும்மும்போது வெளியேறிவிடாதபடி விரலால் கண்முனையை அழுத்திக்கொள்ள வேண்டும். அடைபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொல்லை உண்டு எனினும், ஆண்டுக்கணக்கில் நீர் வழிந்த கண்ணுக்கு அது பெரும்பேறே.

அறுவை முடிந்தவர் ஒரு வாரம் அல்லது இரு வாரம் மூக்கை வலிந்து சிந்தலாகாது. சிந்தினால் குருதி பெருகும். சூடான உணவையும் சில நாள் தவிர்ப்பர். புதுவழி நன்கு திறந்தவருள் சிலர், பின்னாளில் மூக்கைச் சிந்தும்போது கண்முனையில் காற்று வந்து படுவதை உணர்வதுண்டு. முன்பு இல்லாத இவ்வுணர்ச்சியைக் கண்டு சிலர் அஞ்சி மருத்துவரிடம் ஓடி வருவர். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே தடை நீங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று கூறி மருத்துவர் அவர்களை அனுப்பிவைப்பார்.

தோலில் இட்ட தையலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரித்துவிடுவர். உள்ளே வழி நிலைத்ததா என்பது சில திங்கள் சென்ற பின்னரே உறுதியாகும். அப்போது நோயாளியை மீண்டும் அமரவைத்து, முன்போலவே கூர் மழுங்கிய ஊசியைத் தூம்பு வாயில் வைத்து உப்பு நீரைச் செலுத்துகின்றனர். நீர் மேலே மீண்டு வருகின்றதா என்று மருத்துவரின் கண்கள் இமையோரத்தையே நோக்கியிருக்கின்றன. ஒரு துளியும் மீளவில்லை. நோயாளி எச்சிலை விழுங்கிவிட்டு, தொண்டையில் உப்புக் கரிப்பதாகக் கூறுகின்றார். மருத்துவர் பீச்சுகுழலைக் கீழே வைக்கின்றார்.